திருவிழா ஒரு நாள், பிழைப்பு வருஷம் முழுக்க

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பெரிய விழா நடத்தினா வெளியூர்க் கூட்டம் வரும், சுற்றுலா வளரும், ஊர் முன்னேறும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் கூட்டம் வந்தால் மட்டும் நம்ம வீட்டு அடுப்பு எரியுமா? அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

நம்ம காரைக்காலுக்கு விழா ஒன்றும் புதிதில்லை. ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா. கணவன் கொடுத்தனுப்பிய மாம்பழத்தைப் பசித்து வந்த அடியாருக்குப் படைத்த புனிதவதிதான் காரைக்கால் அம்மையார். 63 நாயன்மார்களில் பெண்கள் மூன்றே பேர், அதில் ஒருவர் நம்ம ஊர்ப் பெண். அந்த விழாவில் மாடிகளிலிருந்து வீசுகிற மாம்பழத்தைப் பிடிக்க எத்தனை ஊர் ஜனங்கள் வருகிறார்கள்! மஸ்தான் சாகிப் தர்காவில் கந்தூரி நடக்கிறது. தெற்கே போனால் நாகூர் கந்தூரி. அதையும் தாண்டினால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. எல்லாவற்றுக்கும் மேலே திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி. சுமார் இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது.

2017 டிசம்பர் 19-ம் தேதி சனிப்பெயர்ச்சியில் கூட்டத்தைப் பார்த்து நாங்கள் மலைத்துப் போனோம். ஆனால் எங்கள் கையில் விற்பதற்கு ஒன்றுமில்லை. எள் பொட்டலம் முதல் துண்டு வரைக்கும் வெளியூர் வியாபாரிகள்தான் விற்றார்கள். எங்களுக்கு மிஞ்சியது குப்பையும் தூசியும்தான்.

"அடுத்த தடவை விடக்கூடாது" என்று முடிவு செய்தோம். 2020 டிசம்பர் 27-க்கு முன்னாடியே சில சகோதரிகள் குழுவில் கடன் எடுத்து, நல்லெண்ணெய், துண்டு எல்லாம் மொத்தமாக வாங்கிப் போட்டார்கள். அது கொரோனா காலம். கட்டுப்பாடுகளால் கூட்டம் குறைந்துவிட்டது. சரக்கு அப்படியே வீட்டில் தங்கிவிட்டது. வட்டி தங்குமா? தவணை கட்ட முடியாமல் சகோதரிகள் வாரக் கூட்டத்துக்கு வரவே கூச்சப்பட்டார்கள். "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்று சொல்லி அவர்களைத் தள்ளிவிட்டதே நாம்தான். அந்தத் தப்பை இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறோம்.

பிறகு என்ன செய்தோம்? தவணையை நீட்டித்துக் கொடுத்தோம். கட்டுப்பாடு தளர்ந்ததும் மிச்சச் சரக்கைச் சனிக்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றோம். கடன் அடைந்தது. அப்போதுதான் நமக்குப் புத்தி வந்தது. சனிப்பெயர்ச்சி எப்போதோ ஒரு நாள். சனிக்கிழமை வாரா வாரம் வருகிறதே!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை வருஷத்தில் 130 சனிக்கிழமை. ஒரு சனிக்கிழமைக்கு 200 ரூபாய் லாபம் என்றாலும் 26,000 ரூபாய். ஒரே நாள் கடையில் இதைச் சம்பாதிக்க முடியுமா? பெரிய விழா நம்ம ஊருக்குக் கிடைக்கிற விளம்பரம். சம்பாத்தியம் அதற்குப் பிறகு வருகிற சாதாரண நாட்களில்தான் இருக்கிறது.

உலகத்திலும் இதே கதைதான். கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்தில் 1976-ல் ஒலிம்பிக் விளையாட்டு நடத்தினார்கள். அதற்கு வாங்கிய கடனை அடைத்து முடிக்க 2006 ஆகிவிட்டது. முப்பது வருஷம்! ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா 1992-ல் அதே ஒலிம்பிக்கை நடத்தியது. அதைச் சாக்காக வைத்துக் கடற்கரையைச் சீர்படுத்தினார்கள், சாலை போட்டார்கள். விளையாட்டு முடிந்த பிறகும் ஜனங்கள் அந்த ஊரைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். ஊருக்கு ஆனதுதான் குழுவுக்கும். ஒரு நாளை நம்பிக் கடன் வாங்கினால் சுமை. என்றைக்கும் பயன்படுகிற மாதிரி செய்தால் வரவு.

அதனால் 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்குக் கையில் இருந்த சேமிப்புக்குள்ளேயே செய்தோம். சரக்கு தீர்ந்தது, கடன் இல்லை. இனிமேலும் இப்படிச் செய்வோம்:

1. தேதியைக் கோயில் நிர்வாகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேச்சு. திருநள்ளாறில் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். அன்றைக்கு இங்கே சனிப்பெயர்ச்சி விழா இல்லை என்று கோயிலில் அறிவித்தார்கள். பேச்சை நம்பிச் சரக்கு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2. விழாவுக்கென்று தனிக் கடன் வேண்டாம். மிஞ்சினால் அடுத்த சனிக்கிழமை விற்கிற பொருளாகவே செய்யுங்கள். எள்ளுருண்டை, அகல் விளக்கு, துணிப்பை, உளுத்தம்மாவு, இதெல்லாம் நம்ம கைக்கு வருகிற வேலை.

3. தின்பண்டம் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். தயாரித்த தேதியை உறை மேல் எழுதுங்கள்.

4. கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றாதீர்கள். கழிப்பறை எங்கே, பஸ் எங்கே என்று வருகிற பெண்களுக்கு வழி சொல்லுங்கள். நம்மிடம் நல்ல அனுபவம் கிடைத்தவர்கள்தான் மறுபடியும் வருவார்கள், நாலு பேரிடம் சொல்வார்கள்.

5. குளத்தங்கரையும் கடை வாசலும் சுத்தமாக இருக்கட்டும். குப்பை கிடக்கிற ஊருக்கு யார் இரண்டாம் தடவை வருவார்கள்?

சகோதரிகளே, "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அடுத்த வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன பொருள், என்ன செலவு, எந்தச் சனிக்கிழமை தொடங்கப்போகிறோம்? போன தடவை நஷ்டப்பட்ட சகோதரிகளை முதலில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் பட்ட பாடுதான் நமக்குப் பாடம்.