முற்றத்தில் ஒரு வெட்சி
(சங்க ஆண்டு விழாவில் பொன்முடியில் ஆற்றிய உரை)



கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இன்று கூடியிருக்கிறோம். நெடுமங்காடு, விதுரா வழியாக வருகையில் வீட்டு முற்றங்களில் செங்கொத்தாகப் பூத்த செடியைக் கண்டிருப்பீர்கள். மலையாளத்தார் அதனைத் தெச்சி என்றும் செத்தி என்றும் வழங்குவர். நம் பாட்டிமாருக்கு அது இட்லிப்பூ, பிள்ளைகளுக்கோ இக்சோரா! அதுவே வெட்சி. ஆநிரை கவரச் சென்ற வீரர் சூடிய பூ. தொல்காப்பியர் குறிஞ்சிக்குப் புறனாக வைத்த திணைக்குப் பெயர் தந்ததும் இதுவே. மலைமேல் நின்று இதனைப் பேசுவது பொருத்தமன்றோ?

நம் குடியிருப்பில் பல வீடுகளில் வெட்சி வெளிறி நிற்கிறது. நோய் என்றெண்ணிச் சிலர் பிடுங்கி எறியவும் தொடங்கிவிட்டனர். நோயன்று; பட்டினி! இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருப்பின், செடிக்கு இரும்புச் சத்து கிட்டவில்லை என்று கொள்க. தேயிலையைப் போலவே வெட்சியும் புளிப்பு மண்ணை விரும்புவது. காப்பிக்கு உறவினமும் ஆகும். இந்நாட்டுச் செம்மண் இயல்பாகவே அதற்கு ஏற்றது. நாமோ அதனைச் சுவரோரம் நடுகிறோம். வெள்ளையடித்த சுண்ணாம்பும், கட்டடம் கட்டியபோது புதைந்த சிமெண்டுக் கழிவும் மண்ணின் புளிப்பைப் போக்கிவிடுகின்றன. மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதனை உண்ண இயலாது போகிறது.

சுவரை விட்டு மூன்றடி தள்ளி, வெயில் படும் இடத்தில் நடுங்கள். நிழலில் இலை தழைக்குமேயன்றிப் பூ குறையும். இலைமட்கும் மக்கிய சாணமும் இடுங்கள். அடுப்புச் சாம்பல் வேண்டா. வெளிறிய செடிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் தெளிக்கலாம். புது இலை பச்சையாக வந்தால் போதும். பழைய இலையைப் பார்த்து ஏங்க வேண்டா. மாவுப்பூச்சி கண்டால் சவுக்கார நீரால் கழுவுக.

வேலியைச் சமப்படுத்துவது போல மாதந்தோறும் கத்தரிப்பவர் பூவைக் காண்பதரிது. கொத்து தோன்றுவது கிளையின் நுனியில்! பூத்து ஓய்ந்த பின்னரே கத்தரிக்க வேண்டும்.

“மூன்றாண்டில் மாற்றலாகிவிடுவோம், நமக்கெதற்குச் செடி?” என்று கேட்கும் இல்லத்தரசியர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வெட்சியை உடன் கொண்டு செல்லலாம். மழைக்காலத்தில், பென்சில் பருமனுள்ள அரைமுதிர்ச்சிக் கொம்பைச் சாண் நீளம் வெட்டி, அடியிலைகளை நீக்கி, மணலும் இலைமட்கும் கலந்த தொட்டியில் நிழலில் ஊன்றுங்கள். ஏறத்தாழ இரண்டு திங்களில் வேர் பிடிக்கும்.

என் செடியிலிருந்து வெட்டிய கொம்புகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொணர்ந்திருக்கிறேன். விருந்து முடிந்ததும், வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்.