கடனும் நாணயமும்: ரைஃபைசனின் வாழ்வு



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் கடன் கொடுத்த ஒருவரின் வாழ்க்கை ஏன் இடம்பெற வேண்டும் என்னும் வினா உங்களுள் எழுவது இயல்பே. நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பவர் ஃபிரீடரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன். செருமானியர். 1818 மார்ச் 30இல் பிறந்து 1888 மார்ச் 11இல் மறைந்தவர். புராட்டஸ்டண்டுத் திருச்சபையில் ஆழ ஊன்றிய பற்றாளர். சிற்றூர்க் கடன் சங்கங்களின் தந்தை என்று கூட்டுறவுப் பாடநூல்கள் அவரைக் குறிக்கும். பாடநூல் அவ்வளவோடு நின்றுவிடும். நமக்கோ, அவர் வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கு இடையே நடந்தவராகத் தோன்றுகிறார். அச்சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

செருமானிய மொழியில் 'ஷுல்ட்' என்றால் கடன். அதே சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருள். 'வேண்டும்' என்னும் பொருள் தரும் 'ஸொல்லன்' என்ற வினையோடு இது வேர்த்தொடர்பு உடையது. ஆங்கிலத்தின் 'ஷுட்' என்னும் துணைவினையும் இக்குடும்பத்ததே. கிறித்தவர்கள் நாள்தோறும் சொல்லும் இயேசு கற்பித்த வேண்டுதலில், மன்னிக்குமாறு கேட்கும் இடத்தில், செருமானியர் சொல்வது இச்சொல்லையே. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் நிற்பது கொடுக்கல் வாங்கலைச் சார்ந்த 'கடன்' என்னும் சொல். லூக்காவில் நிற்பது 'பாவம்' என்னும் சொல். தமிழ்ப் புராட்டஸ்டண்டு விவிலியம் மத்தேயுவில் கடன் என்றே பெயர்த்தது. ஆயினும் ஆலயத்தில் வாய்விட்டுச் சொல்லும் வழிபாட்டு வடிவத்தில் குற்றம் என்னும் சொல் வந்து அமர்ந்தது. தமிழில் ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டியிருந்தது. செருமானியனுக்கு அந்த இக்கட்டு இல்லை. ஞாயிறு காலை ஆலயத்தில் சொன்ன சொல்லே திங்கட்கிழமை கணக்கேட்டிலும் இருந்தது. குற்றம் என்னும் கருத்தே பொருட்கடனிலிருந்து பிறந்தது என்று நீட்சே வாதிட்ட நூல் 1887இல் வெளிவந்தது. ரைஃபைசன் மறைந்தது அதற்கு மறு ஆண்டு. நீட்சே சொற்பிறப்பில் கண்டதை ரைஃபைசன் நாற்பது ஆண்டுகளாகச் சிற்றூர்களில் கண்டுகொண்டிருந்தார்.

தமிழின் 'கடன்' வேறொரு திசையில் கிளைத்தது. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டொன்றில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், வீரன் ஆகிய ஐவருக்கும் உரியதாகச் சொல்லப்படுவது கடனே. அங்கே வட்டியும் இல்லை, முதலும் இல்லை. செய்தே தீர வேண்டிய செயல் என்பதே பொருள். காலைக்கடன், நீத்தார்கடன், கடமை, கடப்பாடு எல்லாம் அவ்வழி வந்தவை. செருமானியத்தில் கடன் குற்றத்தோடு உறவு கொண்டது. தமிழில் கடமையோடு உறவு கொண்டது. ரைஃபைசனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் செய்த வேலை, கடனைக் குற்றத்தின் பக்கத்திலிருந்து கடமையின் பக்கத்துக்கு நகர்த்தியதே என்று நமக்குப் படுகிறது.

இனி அவர் வாழ்வுக்கு வருவோம். ஸீக் ஆற்றங்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரில் ஒன்பது பிள்ளைகளுள் ஏழாமவராகப் பிறந்தார். உயர்பள்ளிக்குச் செல்லும் வசதி இல்லை. ஊர்ப் போதகர் சைப்பெல் என்பவரே அவருக்குக் கல்வி கற்பித்தார். திருச்சபைப் பற்றுக்கும் அங்கேதான் வித்திடப்பட்டது. 17ஆம் வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்ணோய் அவரைப் படையிலிருந்து வெளியேற்றியது. 1845இல் வெஸ்டர்வால்ட் மலைநாட்டில் வையர்புஷ் என்னும் ஊர்த்தொகுதியின் நகரத்தந்தை ஆனார்.

மறு ஆண்டே பஞ்சம். உருளைக்கிழங்கு நோய்ப்பட்டு அழுகியது; தானியமும் பொய்த்தது. 1846ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம் மலைநாட்டு மக்களைப் பட்டினியில் தள்ளியது. அரசு மாவு அனுப்பியது. ஆனால் கையில் காசு கொடுப்பவர்க்கே கொடுக்க வேண்டும் என்று ஆணையும் அனுப்பியது. காசு உள்ளவன் ஏன் பட்டினி கிடக்கிறான்? ரைஃபைசன் ஆணையை மீறினார். வசதியுள்ளோரைக் கூட்டி ஒரு ரொட்டிச் சங்கம் அமைத்து, பொது அடுப்பு ஒன்றைக் கட்டி, ரொட்டியைக் கடனாகக் கொடுத்தார். அரசு அலுவலர் ஒருவர் மேலாணையை மீறுவது எளிய செயலன்று. அதிலும் பிரஷ்ய அரசில்.

1848இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்னும் ஊருக்கு மாறினார். அங்கு வேறொரு துன்பத்தைக் கண்டார். உழவன் வைத்திருக்கும் பசு அவனுடையதாக இராது. கடன் கொடுத்தவனுடைய பசுவை அவன் வளர்ப்பான். கன்று ஈன்றால் பங்கு போகும். தவணை தவறினால் பசுவும் போகும், பின் நிலமும் போகும். இங்கே 'மார்ட்கேஜ்' என்னும் ஆங்கிலச் சட்டச்சொல்லை நினைவுகூர்வது பொருந்தும். பழம்பிரெஞ்சு மொழியில் அதற்குச் 'செத்த பிணை' என்று பொருள். கடனைத் திருப்பாவிட்டால் நிலம் உடையவனுக்குச் செத்தது, திருப்பிவிட்டால் பிணை பெற்றவனுக்குச் செத்தது என்று 17ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் எட்வர்டு கோக் விளக்கம் தந்தார். தமிழில் அடமானம், ஈடு, ஒற்றி என்று வகை வகையாகச் சொற்கள் உண்டு. ஒற்றியில் நிலமே கடன் கொடுத்தவன் கைக்குப் போய்விடும். விளைச்சல் வட்டிக்கு ஈடாகும். அதைத் திரும்பப் பெறுவதற்கு 'மீட்டல்' என்று பெயர். கிறித்தவத் தமிழில் இயேசுவுக்கு 'மீட்பர்' என்னும் பெயர் வழங்குவதை இங்கே எண்ணிப்பாருங்கள். எபிரேயத்திலும் இதே நிலைதான். வறுமையால் நிலத்தை விற்ற உறவினனுக்காக அதை மீட்டுக் கொடுக்க வேண்டிய நெருங்கிய சுற்றத்தானைக் குறித்த 'கோயேல்' என்னும் சொல்லே பின்னர் இறைவனுக்கும் ஆயிற்று. விவிலியத்தை நன்கு பயின்ற ரைஃபைசனுக்கு இந்த நிலமீட்புச் சட்டம் தெரியாதிருந்திருக்க முடியாது.

1849இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்டில் வசதியற்ற உழவர்க்கான உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். செல்வர்கள் கூட்டாகப் பொறுப்பேற்றுப் பணம் திரட்டினர். உழவர்க்குக் கால்நடை வாங்கிக் கொடுத்துத் தவணையில் திரும்பப் பெற்றனர். 1852இல் ரைன் ஆற்றங்கரையில் நொய்வீட் நகரை ஒட்டிய ஹெடஸ்டார்ஃபுக்கு மாற்றலானார். 1854இல் அங்கே அமைத்த அறச்சங்கம் இன்னும் விரிந்தது. கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்தல், சிறை மீண்டோர்க்கு வேலை தேடுதல், நூலகம் நடத்துதல், கடன் கொடுத்தல் எனப் பல பணிகள். இது முழுக்க முழுக்கத் திருச்சபைப் பணியின் மறுவடிவம்.

அது நிலைக்கவில்லை. ஆர்வம் தணிந்ததும் செல்வர்கள் விலகினர். பிறர் கடனுக்குத் தம் சொத்தைப் பொறுப்பாக்குவதற்கு எவ்வளவு காலம் ஒருவர் உடன்படுவார்? ஈகை பெறுபவன் ஒருபுறமும் ஈபவன் மறுபுறமும் நிற்கும் அமைப்பை விட்டுவிட்டு, கடன் வாங்குபவனே உறுப்பினனாகும் கடன் சங்கத்தை 1864இல் ஹெடஸ்டார்ஃபில் அமைத்தார். அறத்தைக் கைவிட்டுத் தன்னுதவிக்கு மாறினார் என்று சிலர் எழுதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. அறம் அமைப்புக்குள் சென்றது, அவ்வளவே.

அந்த அமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரு சங்கத்தின் எல்லை ஒரு பங்கு, அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி. செருமானியத்தில் அதற்குக் 'கிர்ஷ்பீல்' என்று பெயர். இரண்டாம் உறுப்பு 'பேச்சு' என்னும் பழஞ்சொல் என்று சொல்லாய்வாளர் கருதுவர். ஆங்கில 'காஸ்பல்' என்பதன் இறுதியில் நிற்பதும் அதுவே. ஆலயத்தின் சொல் செல்லும் எல்லையே கடனின் எல்லை. ஒருவரை ஒருவர் அறிந்தோர் மட்டுமே உறுப்பினர். ஒருவன் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் தம் முழுச் சொத்தோடும் பொறுப்பு. நிலத்தை ஈடு கேட்பதைவிட அயலார் பிணை நிற்பதையே சங்கம் பெரிதும் நம்பியது. ஏழையின் நிலம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. எதற்காகக் கடன் என்று சொல்ல வேண்டும். வேறு வழியில் செலவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். திருப்பிச் செலுத்த நீண்ட தவணை உண்டு. மாடும் மண்ணும் பயன்தர ஆண்டுகள் ஆகும் அல்லவா? ஆதாயத்தைப் பங்கிடாமல் பிரிக்கப்படாத பொதுநிதியில் சேர்த்தனர். நிருவாகிகளுக்கு ஊதியம் இல்லை. கணக்கருக்கு மட்டும் சிறு தொகை. போதகர்களும் பள்ளி ஆசிரியர்களும் பொறுப்புகளில் அமர்ந்தனர். இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் இதைக் கேட்டு மகிழலாம்; சம்பளமில்லா வேலை அன்றும் ஆசிரியர் தலையில்தான் விழுந்தது.

நகரக் கைவினைஞர்க்கு வங்கி அமைத்த ஷுல்ட்ஸே டெலிட்ஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். குறுகிய கால வைப்புப் பணத்தைக் கொண்டு நீண்ட காலக் கடன் கொடுப்பது ஆபத்து என்றார். வங்கியியல் நோக்கில் அது வலுவான வாதம். அந்த இடைவெளியை நிரப்பவே 1872இல் நொய்வீடில் மைய வங்கி ஒன்றை ரைஃபைசன் தோற்றுவித்தார்.

இதற்குள் அவர் உடல் தளர்ந்துவிட்டது. மனைவி எமிலி 1863இல் இறந்தார். 1865இல் பதவி ஓய்வு; சிறிய ஓய்வூதியம். பிழைப்புக்குச் சுருட்டுத் தொழில் செய்தார், பின்னர்த் திராட்சை மது விற்றார். கடன் சங்கங்கள் பற்றிய அவருடைய நூல் 1866இல் வெளிவந்தபோது பார்வை மிக மங்கியிருந்தது. மூத்த மகள் அமாலியே வாசித்தார், எழுதினார், கடிதத் தொடர்பு அனைத்தையும் நடத்தினார். மணம் செய்துகொள்ளவே இல்லை. கூட்டுறவு வரலாறுகள் அவரை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. கடன் என்னும் சொல்லின் கடமைப் பொருள் யார் தோள்மேல் இறங்கிற்று என்று கேட்டால், முதற்பெயர் அமாலியுடையதாகவே இருக்கும்.

மற்றொன்றையும் மறைத்தலாகாது. அயலாரை நேசிக்கச் சொல்லும் சமயத்தில் ஊன்றிய இவருடைய எழுத்தில், கால்நடை விற்ற யூத வணிகர்களைப் பற்றிய பகைச்சொற்கள் உண்டு. ஒருவரை ஒருவர் அறிந்த ஊர் என்பது எவ்வளவு நெருக்கமானதோ அவ்வளவு குறுகியதும் ஆகலாம். வட்டிக்குப் பணம் கொடுத்தோர் எல்லாச் சமயத்திலும் இருந்தனர். ஆலயத்தின் சொல் செல்லும் எல்லைக்கு வெளியே நின்றவர்மீதே பழி முழுதும் ஏற்றப்பட்டது.

இயக்கம் நாடு கடந்தது. ஹாலந்தின் 'ரபோ' வங்கிப் பெயரில் முதலெழுத்து ரைஃபைசனுடையது; 1972இல் இரு கூட்டுறவு அமைப்புகள் இணைந்தபோது இரு பெயர்களையும் ஒட்டி அச்சொல்லை ஆக்கினர். நமக்கு நெருக்கமான கிளை சென்னை மாகாணத்தினுடையது. ஃபிரெடரிக் நிக்கல்சன் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் ஐரோப்பிய உழவர் வங்கிகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். சென்னை மாகாணத்துக்கு வேண்டியது ஒரு ரைஃபைசனே என்பது அதன் சாரம். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. சிற்றூர்ச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பு என்னும் அவருடைய விதியும் அதில் இடம்பெற்றது. மலாய் ஐக்கிய நாடுகளில் 1922இலும், சிங்கப்பூரில் அரசு ஊழியர்க்கென 1925இலும் கூட்டுறவு காலூன்றியது.

இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன் ஒரு சிக்கல் நின்றது. 'கிரெடிட்' என்னும் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? இலத்தீனில் 'நம்புகிறேன்' என்னும் பொருள்படும் 'கிரேடோ' என்பதோடு உறவுடைய சொல் அது. திருச்சபையின் நம்பிக்கை அறிக்கைக்குப் பெயரும் அந்த முதற்சொல்லாலேயே அமைந்தது. 'கடன்' என்று பெயர்த்தால் நம்பிக்கை போய்விடும். 'நம்பிக்கை' என்று பெயர்த்தால் பணம் போய்விடும். பெயர் தெரியாத யாரோ ஒருவர் 'நாணயம்' என்னும் சொல்லை எடுத்தார். காசுக்கும் அதுவே பெயர். வாக்குத் தவறாமைக்கும் அதுவே பெயர். ஐக்கிய நாணய சங்கம், கூட்டுறவு நாணயச் சங்கம், சிக்கன நாணயச் சங்கம் என்னும் பெயர்கள் அப்படி எழுந்தவை. தமிழகத்தில் பணியாளர் சங்கங்கள் சில இன்றும் சிக்கன நாணயச் சங்கம் என்றே பெயர்ப்பலகை வைத்திருக்கின்றன. சிற்றூரில் உழவர்க்குரிய சங்கத்தின் அலுவற்பெயரோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். மாதச் சம்பளக்காரருக்கு நாணயம், உழவருக்குக் கடன் என்று அமைந்த இந்தப் பெயர்மாற்றம் எந்த ஆண்டுகளில், எந்த ஆவணங்களின் வழி நடந்தது என்பதை மாணவர் எவரேனும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம்.