வீடும் கம்பெனியும்

ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று மணிமங்கலம். இன்று அதன் சுற்றுப்புறத்தில் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அங்கே கடைசல் பட்டறை நடத்தும் என் நண்பர், தாம் குடியிருக்கும் வீட்டைத் தம் கம்பெனியின் பெயருக்கு மாற்ற எண்ணினார்.

"பங்குகள் எல்லாம் நம்முடையவை, வீடும் நம்முடையதுதானே?" என்றார்.

"அன்று" என்றேன். சட்டத்தின் முன் கம்பெனி தனியோர் ஆள். 1896-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் இதனை நிலைநாட்டியது. கம்பெனியின் சொத்தில் பங்குதாரருக்கு நேர் உரிமை இல்லையென நம் உச்ச நீதிமன்றமும் 1954-இல் பச்சா குஸ்தார் வழக்கில் தீர்ப்பளித்தது.

சொந்தப் பிணை கொடாதவரை, கம்பெனியின் கடன் பங்குதாரரின் வீட்டைத் தொடாது. வீட்டையே கம்பெனிக்குள் வைத்தாலோ, பட்டறையின் கடன்காரர் வீட்டு வாயிலில் வந்து நிற்பார்.

நண்பர் பேசவில்லை. பத்திரத்தை மடித்து, மனைவியார் கையில் கொடுத்தார்.