மனநோய்க்கும் ஈடு கேட்போம்



ரயிலில் பார்சல் தவறினால் ரசீதைக் காட்டி ஈடு கேட்கும் நாம், வீட்டில் ஒருவருக்கு மனம் நோயுற்றால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். இன்ஷ்யூரன்ஸ் பாலிசி இருந்தும், ஊர் அறியுமே என்றஞ்சிச் செலவைக் கேட்கக் கூசுகிறோம், கடன்படுகிறோம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21-ஆம் பிரிவில், உடல்நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு அளிக்கப் பணிக்கின்றது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் உள்ளது.

கம்பெனியின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தால், பெரும்பாலும் நாமே பணம் கட்டிப் பின்னர் கோர வேண்டியிருக்கும். சேர்த்தவுடன் கம்பெனிக்கு அறிவித்திடுக. டாக்டர் சீட்டு, அசல் ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, கோரிக்கைப் படிவம் ஆகியவற்றைக் குறித்த நாளுக்குள் அனுப்புக, நகல்களைப் பத்திரப்படுத்துக. மருத்துவமனையில் தங்காது பெறும் ஆலோசனைக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. வெளிநோயாளர் செலவு அடங்குமா என்று முன்னரே படித்தறிக.

கோரிக்கையை மறுத்தால் சோர்வடைய வேண்டா. முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிடுக. ஒரு மாதத்தில் பதில் வராவிடினும், வந்த பதில் நிறைவளிக்காவிடினும், ஓராண்டுக்குள் இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டா.

படிவம் நிரப்பத் தயங்குவோருக்கு நம் காலனியில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் துணை நிற்போம். கேட்டதை வெளியே சொல்லாதிருப்போம். அவ்விரண்டும் செய்தால் சாத்திய கதவுகள் திறக்கும்.