பாதியில் நின்ற விண்டோஸ்

கணினியின் பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் சிறிய சில்லு ஒன்றில் ஒரு நிரல் எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் முதலில் விழிக்கும். முன்பு அதன் பெயர் பயாஸ். இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. பழக்கத்தில் அதையும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். ப்ராசசர், ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று அது சரிபார்க்கும். பிறகு எந்தெந்தச் சாதனத்தில் தேட வேண்டும் என்று தன்னிடம் குறித்து வைத்திருக்கும் வரிசைப்படி தேடி, அங்கே பூட் லோடர் என்ற சிறு நிரலைக் கண்டதும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். பூட் லோடர் விண்டோஸின் மையப் பகுதியை ரேமில் ஏற்றும். அதற்குப் பிறகுதான் பழகிய திரை வரும்.

மற்ற நாட்களில் இந்த ஒப்படைப்பு எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் நடக்கிறது. ஓஎஸ்ஸை, அதாவது விண்டோஸை, மறுபடி போடும்போது இடம் மாறுகிறது. முதலில் பென் டிரைவிலிருந்து கணினி கிளம்ப வேண்டும். கோப்புகளை டிஸ்கில் இறக்கி முடித்ததும் அது தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். இம்முறை டிஸ்கிலிருந்து கிளம்ப வேண்டும். பழைய வீட்டை இடித்தாகிவிட்டது, புது வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை என்கிற நிலை அது. இந்த இடைவெளியில் கணினி நின்றுபோனால் பலரும் மறுபடி ஃபார்மட் செய்துதான் பார்க்கிறார்கள். ஒப்படைப்பு எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று முதலில் பார்த்தால் அதற்கு அவசியமே இல்லாமல் போகலாம்.

திரையில் கம்பெனி லோகோ வருகிறதா, அல்லது பயாஸ் அமைப்புத் திரைக்குள் நுழைய முடிகிறதா என்பது முதல் கேள்வி. முடிகிறது என்றால் மதர்போர்டும் ப்ராசசரும் ரேமும் ஏறக்குறைய நலமாக இருக்கின்றன; கோளாறு அதற்கு அப்பால்தான். விசிறி மட்டும் சுற்றித் திரை இருண்டே கிடந்தால் விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதிய எஸ்எஸ்டி பொருத்துவதற்காகக் கேபினெட்டைத் திறந்தபோது ரேம் சற்று அசைந்திருக்கலாம். மின் இணைப்பை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துவதும், இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்பதும் உடனே செய்யக்கூடியவை. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு, படம் வரவில்லை என்று தேடுவதும் நடப்பதுதான்.

பழைய கணினியாக இருந்தால், மதர்போர்டில் காசு போல உட்கார்ந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரியையும் கவனிக்க வேண்டும். அதன் எண் சிஆர்2032. அது தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும், பயாஸில் செய்த மாற்றங்களும் அழிந்துவிடும். நேற்று சரியாக வைத்த அமைப்பு இன்று காலையில் மாறிக் கிடந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தப் பேட்டரியை மாற்றிவிட வேண்டும்.

லோகோ வருகிறது, பென் டிரைவ் மட்டும் கிளம்ப மறுக்கிறது என்பது அடுத்த கட்டம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென் டிரைவுக்குள் காப்பி செய்து வைத்தால் அது பூட் ஆகாது. கணினிக்கு அது இன்னொரு கோப்பு, அவ்வளவுதான். மீடியா கிரியேஷன் டூல், ரூஃபஸ் போன்ற கருவி வழியாக அதைப் பிரித்து எழுத வேண்டும். பென் டிரைவ் குறைந்தது 8 ஜிபி இருக்க வேண்டும், உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

யூஇஎஃப்ஐ எல்லாக் கணினியிலும் நிச்சயமாகப் படிக்கக்கூடியது ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவை. ஃபேட்32-வில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் இன்ஸ்டால் டாட் விம் என்ற கோப்போ இப்போதெல்லாம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. கைப்பட காப்பி செய்பவர் இதனால் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாறுவார். உடனே பல கணினிகள் அந்த டிரைவைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். மேலே சொன்ன கருவிகள் இந்தச் சிக்கலை வெவ்வேறு வழிகளில் தாமே கடக்கின்றன. ஆகவே பென் டிரைவ் தயாரிப்பில் கைவேலை வேண்டாம்.

டிரைவ் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால், அதைத் தேர்ந்தெடுக்கப் பூட் மெனுவைத் திறக்கும் விசையைத் தவறவிட்டிருக்கலாம். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எம்எஸ்ஐ மதர்போர்டுகளில் எஃப்11. லோகோ வந்த பிறகு அழுத்தினால் பல சமயம் நேரம் கடந்திருக்கும். பவர் கொடுத்த கணத்திலிருந்தே தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விண்டோஸ் 8-லிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் இங்கே குறுக்கே நிற்பதுண்டு. ஷட் டவுன் செய்ததாகத் தோன்றும் கணினி உண்மையில் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், பழையதும் புதியதுமான இரண்டு முறைகள் கலந்துபோயிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். ஓஎஸ் போடும் வேலையில் மனிதரை மிக அதிகமாகச் சுற்றவிடுவது இந்தக் குழப்பம்தான்.

பழைய முறை ஐபிஎம் பிசி காலத்தது. 1983-இல் பிசி டாஸ் 2.0 வந்தபோது, டிஸ்கின் முதல் 512 பைட்டில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. இதுதான் எம்பிஆர். அட்டவணையில் நான்கு பார்ட்டிஷன்களுக்கு மட்டுமே இடம் உண்டு. டிஸ்கும் சுமார் 2 டெராபைட் வரைதான் எட்டும். 10 மெகாபைட் டிஸ்கே பெரிதாகத் தெரிந்த காலத்தில் அது தாராளம். இன்டெல் தன் ஐடேனியம் சர்வர்களுக்காகத் தொடங்கிய மாற்று முறையை வளர்க்க 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு மன்றம் அமைத்தன. அப்படி வந்தது யூஇஎஃப்ஐ. அதற்கு இணையான டிஸ்க் அமைப்பு ஜிபிடி. விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை அதில் வைக்கலாம், அட்டவணையின் நகல் ஒன்றும் டிஸ்கின் கடைசியில் இருக்கும். பூட் லோடர் முதல் செக்டாரில் ஒளிந்திருப்பதில்லை. ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த தனிப் பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்பாகவே கிடக்கும்.

விண்டோஸ் நிறுவி இந்த விஷயத்தில் கறாரானது. பென் டிரைவ் யூஇஎஃப்ஐ வழியாகக் கிளம்பியிருந்தால் டிஸ்க் ஜிபிடி-யாக இருக்க வேண்டும். பழைய லெகசி வழியாகக் கிளம்பியிருந்தால் எம்பிஆர்-ஆக இருக்க வேண்டும். மாறியிருந்தால், இந்த டிஸ்கில் விண்டோஸை நிறுவ முடியாது என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரிவதும், அவற்றில் ஒன்றின் முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ என்ற சொல் இருப்பதும் இதனால்தான். விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ-யில்தான் இயங்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் நிபந்தனை. செக்யூர் பூட் வசதியும் டிபிஎம் 2.0-வும் கூடவே தேவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துபோனதால், லெகசி முறையில் ஆண்டுக்கணக்காக ஓடிய கணினிகளை எல்லாம் விண்டோஸ் 11-க்கு மாற்றப்போய் இந்தச் சுவரில் முட்டுகிறவர்கள் அதிகம்.

தீர்வு இரண்டு விதம். டிஸ்கில் காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லையென்றால், நிறுவித் திரையில் ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டிஸ்க்பார்ட் கருவியில் டிஸ்கைத் தேர்ந்து கிளீன் கொடுத்தால் போதும். வெற்று டிஸ்கை நிறுவியே தனக்கேற்றபடி அமைத்துக்கொள்ளும். டிஸ்க் எண்ணைத் தவறாகக் கொடுத்தால் பக்கத்து டிஸ்க் துடைபட்டுப் போய்விடும் என்பதால், அளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகே அந்தச் சொல்லைத் தட்ட வேண்டும். தகவல்கள் முக்கியம் என்றால் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உண்டு. 2017-இல் விண்டோஸ் 10-க்கான புதுப்பிப்பு ஒன்றுடன் வந்த இது, தகவலை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனால் டிஸ்கில் ஒழுங்கான விண்டோஸ் இருக்கிறதா என்று அது முதலில் சோதிக்கும். ஆகவே பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. அழித்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

நிறுவி கிளம்பிவிட்டது, டிஸ்க் பட்டியல் மட்டும் காலியாக இருக்கிறது என்றால், டெஸ்க்டாப்பில் கேபிள் கழன்றிருக்கிறதா என்று பார்க்கலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் காரணம் வேறு. இன்டெல் 11-ஆம் தலைமுறை ப்ராசசரிலிருந்து விஎம்டி என்ற சேமிப்பு நிர்வாக அமைப்பு பலவற்றில் இயக்கப்பட்டே வருகிறது. அதற்குரிய டிரைவர் இல்லாத நிறுவியின் கண்ணுக்கு எஸ்எஸ்டி தெரியாது. அந்த டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு, லோட் டிரைவர் வழியாகக் காட்டினால் டிஸ்க் பட்டியலில் வந்துவிடும். விஎம்டியைப் பயாஸில் அணைத்துவிடுவது குறுக்கு வழி. டிஸ்கில் இன்னும் பழைய விண்டோஸ் இருக்குமானால், அணைத்த பிறகு அது நீலத் திரையில் போய் நிற்கும் என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

இதற்கு நேரெதிரான வினோதமும் உண்டு. பழைய மதர்போர்டில் அடாப்டர் வைத்து என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பொருத்துவார்கள். நிறுவிக்கு டிஸ்க் நன்றாகத் தெரியும், கோப்புகளும் குறையில்லாமல் இறங்கும். ரீஸ்டார்ட் ஆனதும் டிஸ்கே இல்லை என்று திரை சொல்லும். விண்டோஸுக்கு என்விஎம்இ தெரியும், அந்தப் பயாஸுக்குத் தெரியாது என்பதே விஷயம். அங்கே எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பலன் இல்லை. விண்டோஸைச் சாதாரண சாட்டா டிஸ்கில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதலிலிருந்து மொழியைக் கேட்கும் திரையே வருகிறது என்பது பலரும் சொல்லும் புகார். இது கோளாறே அல்ல. பயாஸ் வரிசையில் பென் டிரைவ் முதலில் இருப்பதால் கணினி அதற்கே திரும்பிப் போகிறது. முதல் ரீஸ்டார்ட்டின்போது பென் டிரைவை உருவிவிட்டால் வேலை தன் போக்கில் தொடரும். கோப்புகள் இறங்கிக்கொண்டிருக்கையில் உருவினால்தான் ஆபத்து.

இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் இன்னொரு பொறி இருக்கிறது. புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டாலும், பழைய ஹார்ட் டிஸ்கில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் இருந்தால் நிறுவி பூட் லோடரை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். எல்லாம் சில மாதம் நன்றாகவே ஓடும். ஹார்ட் டிஸ்க் பழுதாகிக் கழற்றும் நாளில், நோ பூட்டபிள் டிவைஸ் என்று திரை சொல்லும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் முழுதாக இருந்தும் அதை எழுப்ப ஆளிருக்காது. நிறுவும்போது மற்ற டிஸ்குகளைக் கழற்றி வைப்பது இதனால்தான்.

அப்படிப் பூட் லோடர் மட்டும் தொலைந்த நிலையில் ஓஎஸ்ஸை மறுபடி போட வேண்டியதில்லை. பென் டிரைவிலிருந்து கிளம்பி, ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர் பகுதிக்குள் போய், முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓடவிடலாம். அதனால் ஆகவில்லையென்றால் கட்டளைச் சாளரத்தில் பிசிடிபூட் கட்டளையுடன் விண்டோஸ் ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்தால், தேவையான பூட் கோப்புகளை அது புதிதாக எழுதித் தரும். எஸ்எஸ்டியில் பூட் பார்ட்டிஷனே இல்லாவிட்டால், கொஞ்சம் இடம் ஒதுக்கி ஃபேட்32-இல் அதை முதலில் உருவாக்க வேண்டும். பழுதுபார்க்கும் சூழலில் சி டிரைவ் வேறு எழுத்தில் இருக்கலாம் என்பதால், எந்த எழுத்தில் விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறது என்று பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். பலரும் பரிந்துரைக்கும் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளை பழைய எம்பிஆர் டிஸ்குக்கு உரியது. யூஇஎஃப்ஐ கணினியில் அதனால் பயனில்லை.

பயாஸ் அமைப்பை மாற்றியதும் நீலத் திரையில் பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டால் அதைப் பழுது என்று எண்ணக் கூடாது. பூட் அமைப்பு மாறியதைக் கண்டு டிஸ்கின் பூட்டு திறக்க மறுக்கிறது. 48 இலக்கமுள்ள அந்தச் சாவி பெரும்பாலும் பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். டிஸ்கை முழுவதும் துடைக்கப் போகிறவருக்கு அது தேவையில்லை. டி டிரைவில் இருப்பதைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அது இல்லாமல் வேறு வழியே இல்லை.

இவை எதிலும் அடங்காமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு பிழை எண்ணுடன் நிறுவி நின்றால் சந்தேகம் வன்பொருள் பக்கம் திரும்ப வேண்டும். இறக்கிய ஐஎஸ்ஓ முழுமையாக இருக்கிறதா என்பதை எஸ்ஹெச்ஏ-256 எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறு பென் டிரைவிலும் முயன்ற பின், மெம்டெஸ்ட்86 கொண்டு ரேமை இரவு முழுக்கச் சோதிக்கலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. டிஸ்கைச் சந்தேகித்தால், லினக்ஸை லைவ் முறையில் பென் டிரைவிலிருந்து கிளப்பி அந்த டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையைப் படிக்கலாம். கெட்டுப்போன செக்டார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நிறுவலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதே லினக்ஸிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்குக்கு மாற்றிக்கொண்டு, புது டிஸ்க் வாங்கி அதில் விண்டோஸைப் போடலாம்.