பனிக்காலத்து மல்லிகை

பொங்கலுக்கு முதல் நாள் விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் ஒரே இரைச்சல்தான். கமிஷன் கடை வாசலில் மல்லிகை மூட்டை இறங்கும் முன்பே நாலு கை நீள்கிறது. கிலோ 2000 ரூபாய்க்கு மேல் போகும் நாள் அது. 4000 ரூபாயைத் தொட்ட பனிக்காலமும் உண்டு. அதே பூ சித்திரையில் 200, 300 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது.

சித்திரையில் கல்யாணம் இல்லையா, திருவிழா இல்லையா? எல்லாம் உண்டு. ஆனால் வெயில் ஏற ஏற மல்லிகைச் செடி கொத்துக் கொத்தாய் மொக்கு விடும். மார்கழிப் பனியிலோ அரும்பு கட்டுவதே அரிது. விலை கூடிவிட்டது என்பதற்காகச் செடி கூடுதலாய்ப் பூக்காது. கவாத்து செய்த செடி துளிர்த்துப் பூக்க மாதங்கள் ஆகும். வரத்து இப்படி ஒடுங்கிக் கிடக்கும்போதுதான் பொங்கலும் அடுத்து தை முகூர்த்தங்களும் வந்து நிற்கின்றன.

வாங்குகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. பிச்சிக்கும் கனகாம்பரத்துக்கும் மாறுவார்கள். அந்தப் பூக்களுக்கும் விலை ஏறும். தெருவில் பூ விற்கும் அக்காவுக்குத் தனிக் கணக்கு. முழத்துக்கு விலையை ஒரேயடியாக ஏற்றினால் வாடிக்கை போய்விடும். அதனால் நெருக்கிக் கட்டிய சரத்தை இடைவெளி விட்டுக் கட்டுகிறார். முழம் அதேதான், மொக்குதான் குறைந்திருக்கும்.

நெல்லென்றால் விலை வரும்வரை குதிரில் வைக்கலாம். காலையில் பறித்த மொக்கு மாலையில் விரிந்துவிடும். அதனால் பொழுது ஏற ஏற விவசாயியின் பேரம் தளர்கிறது. மிஞ்சிய பூவைக் குறைந்த விலைக்கு சென்ட் கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன. பூ இருக்கும்போது விலை இல்லை, விலை இருக்கும்போது பூ இல்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதே கதிதான். இந்த நட்டம் முழுவதும் பயிரிட்டவர் தலையில் விழுவது நியாயமே அல்ல.

2020இல் ஊரடங்கு வந்தது நல்ல பூக்காலத்தில். கோயில் நடை சாத்தியிருந்தது, கல்யாணங்கள் வீட்டுக்குள் சுருங்கின. பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பல தோட்டங்களில் பூவைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். மாலையானால் அந்த மொக்குகள் அத்தனையும் செடியிலேயே விரிந்து மணத்தன.