ஏற்கப்படாத திருத்தம்

(வேம்பாரில் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





"நாம் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று நம் பிள்ளைகள் சலித்துக்கொள்ளும்போது, நம் நெல்லைச் சீமையின் காயிதே மில்லத் அவர்களை நினைவூட்டுகிறோம்.

1896-இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முஹம்மது இஸ்மாயில் சாஹிப், 1946-இல் சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். எந்தச் சமூகத்தையும் அதன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1948 நவம்பர் 23 அன்று அங்கே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை.

அவர் ஒதுங்கிவிடவில்லை. மறு ஆண்டு மொழி விவாதத்தில் அதே சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். 1952-இல் மாநிலங்களவை சென்றார். பின்னர் 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை நம்பி மக்களவைக்கு அனுப்பினார்கள். 1972 ஏப்ரலில் வஃபாத்தாகும்போதும் அவர் உறுப்பினரே.

பிள்ளைகளே, உங்கள் வாப்பாவின் மனு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தால், காரணத்தைப் படித்துப் பார்த்து மறுபடியும் எழுதுங்கள். சட்டம் படியுங்கள். படிப்பைப் பாதியில் விடாதீர்கள். உதவ நாங்கள் இருக்கிறோம்.

வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.